காயாத தாண்ட்ரா

நான் கூட்டத்தில் பேசுகிற ஆள் இல்லை. நாலு பேர் உட்கார்ந்திருக்கும் வீட்டில் செருப்பு விடும் இடத்தில் நிற்பவன். அப்படிப்பட்ட நான் போன வைகாசியில், ரேணிகுண்டாவில் மகளின் மாமியார் வீட்டில் வாயைத் திறந்துவிட்டேன். மகளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்புக்கு நாள் குறித்துவிட்டு, யார் என்ன பலகாரம் கொண்டுவருவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மாம்பழத் தாண்ட்ரா நானே போட்டு எடுத்தாறேன்" என்றேன்.

மாம்பழக் கூழைப் பாயில் தடவி, வெயிலில் காயவைத்து, தோல்போல உரித்தெடுக்கும் பண்டம் அது. சித்தூரில் மாங்கூழ் கம்பெனி ஒன்றில் பதினெட்டு வருடமாகப் பழம் கழுவுகிறேனே தவிர, தாண்ட்ரா ஒருமுறைகூடப் போட்டதில்லை.

சம்பந்தி தொடையைத் தட்டிச் சிரித்தார். "சம்பந்தியே பேசிட்டாரு, இன்னிக்கு மழதான்! நல்லா இனிப்பா இருக்கணும், சொல்லிட்டேன்."

பத்து நாள் இருந்தது. மகளுக்கு முன்னால் கொடுத்த வாக்கு. அவள் முகம் மலர்ந்ததையும் பார்த்துவிட்டேன். பழம் பிழிந்து, சம்பந்தி சொன்னாரே என்று சர்க்கரையை அள்ளி அள்ளிக் கலக்கப் போனேன். அதற்குள் மனைவி இரண்டு கரண்டி கூழை ஒரு தட்டில் தனியே எடுத்துக்கொண்டாள். அவளுக்குச் சர்க்கரை வியாதி.

"நீ உன் சம்பந்திக்குக் கொட்டுயா. எனக்கு இது போதும்."

பாயிலும் தட்டிலும் ஒரே கனமாகத் தடவி, மொட்டை மாடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பழைய வேட்டியால் மூடினேன்.

மூன்றாம் நாள் அவள் தட்டில் இருந்தது அப்பளம்போல உரிந்து வந்தது. என் பாயில் விரல் வைத்தால் விரலோடு வந்தது. ஏழாம் நாளும் அப்படியே. எறும்புதான் சந்தோஷமாக இருந்தது.

"இன்னாயா இது? தாண்ட்ராவா, கோந்தா?" என்றாள் மனைவி.

பாய் சரியில்லை என்றேன். பழம் சரியில்லை என்று சொல்ல முடியவில்லை. இரண்டும் ஒரே கூழ். மறுநாள் ஒரே மாதிரி இரண்டு தட்டு எடுத்தேன். இரண்டிலும் ஒவ்வொரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, ஒன்றில் மட்டும் கை கையாகச் சர்க்கரையைக் கரைத்து வெயிலில் வைத்தேன். சாயங்காலம் வெறும் தண்ணீர்த் தட்டு காலி. சர்க்கரைத் தட்டில் பாகு மினுமினுத்தது.

அப்போதுதான் கம்பெனியில் கூழ் காய்ச்சும் கொப்பரை நினைவுக்கு வந்தது. கூழ் நீர்த்திருக்கும்போது ஆவி புசுபுசுவென்று போகும். இறுக இறுக, அதே நெருப்புக்கு மெதுவாகத்தான் போகும். இத்தனை வருடம் அதன் பக்கமாகக் கூடை தூக்கிக்கொண்டு நடந்தவன் நான்.

"சக்கர தண்ணியப் புடிச்சிக்கினு வுட மாட்டேங்குது" என்று மனைவியிடம் சொன்னேன்.

"இத்த நான் சொல்ல மாட்டனா? எனக்கு வந்த சக்கர போச்சா பாரு!"

புதிதாகப் போட நாள் இல்லை. அவளுடைய ஒரே தட்டுத் தாண்ட்ராவைச் சுருட்டி வாழையிலையில் கட்டினோம். என்னுடையதை வழித்து டிபன் பாக்ஸில் போட்டாள் அவள். திருப்பதியில் பஸ் மாறும்போது அந்த டிபனை மறந்ததுபோல விட்டுவிட நினைத்தேன். அவள் விடவில்லை.

வளைகாப்புப் பந்தலில் எல்லாரும் கேட்கும்படி சம்பந்தி கூவினார். "தாண்ட்ரா எங்க சம்பந்தி?"

அத்தனை தலையும் திரும்பியது. "காயல" என்றேன். "சக்கர ஜாஸ்தியாயிடுச்சி. சக்கர கரைஞ்ச தண்ணி சீக்கிரமா போவாது. ரெண்டு தட்டுல வெச்சிப் பாத்தேன்." என் வாழ்நாளில் கூட்டத்தில் பேசிய நீளமான பேச்சு அதுதான். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மகள் சிரிக்கவில்லை. இரண்டு கை நிறைய வளையலோடு கையை நீட்டினாள். "காஞ்சது ஒண்ணு இருக்குமே நைனா, குடு."

இலையைப் பிரித்துக் கொடுத்தேன். பிய்த்து வாயில் போட்டு ஒரு கண்ணை மூடினாள்.

"யப்பா, இன்னா புளிப்பு!" என்றவள், மீதியை யாருக்கும் தராமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

நான் செருப்பு விடும் இடத்துக்குத் திரும்பினேன். சம்பந்தி பின்னாலேயே வந்தார். ஒரு கையில் என் டிபன் பாக்ஸ், இன்னொரு கையில் பூரி. தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்.

"அந்த ரெண்டு தட்டு கதைய இன்னொரு தபா சொல்லுங்க சம்பந்தி" என்றார்.

சொன்னேன்.