சீப்பம்மாவின் சினம்

பொறுமை என்னும் பெரும்பண்பை இந்த அம்மையார் பிறர் தலைமுடியிலேயே செலவழித்துவிடுகிறார். மற்ற எதற்கும் அவரிடம் ஒரு துளி மிச்சமில்லை. மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் அறையில், சோதனை முடிந்து நோயாளி எழ முற்பட்டால், "உக்காருங்க, பசையோட எங்க ஓடுறீங்க?" என்று தோளை அழுத்தி அமர்த்துகிறார். வெந்நீரில் தோய்த்த அகன்ற சீப்பால், சோதனைக் கம்பிகளை ஒட்டத் தலையில் தடவி உலர்ந்துபோன வெள்ளைப் பசையை இழை இழையாக நீக்குகிறார். ஒரு முடி இழுபடாது. இது அவர் கடமையில் சேராது. ஒரு துண்டைக் கொடுத்து அனுப்பிவிடலாம். மருத்துவமனை முழுவதும் அவருக்குச் சீப்பம்மா என்றே பெயர்.

பசை தீர்ந்ததும் பொறுமையும் தீர்ந்துவிடும். பாதி வழியில் நிற்கும் மின்தூக்கியைத் திட்டுவார். "தலைக்கு ஈசிஜி எடுக்க வந்தேன்" என்பவரையும் திட்டுவார். ஆனால் அவர் சினத்தின் சிறந்த பங்கு மருத்துவமனைக்கு எதிர்ச் சாரியிலுள்ள கடைக்கே உரியது.

அங்கே பளபளக்கும் சிறு பாக்கெட்டுகள் தொங்குகின்றன. முகப்பில் ஒரு பச்சை இலை. 'அறை நறுமணம்' என்ற பெயர். அடியில் எறும்புக் காலளவு எழுத்தில் 'உட்கொள்வதற்கு அன்று'. வாங்குபவர்களோ புகைக்கவே வாங்குகிறார்கள். உள்ளே ஏதோ காய்ந்த தழை. அதன்மேல் ஆலையில் செய்த வேதித்தூளைக் கரைத்துத் தெளித்திருக்கிறார்கள்: கஞ்சாவைப் போல நடித்து, அதனினும் கொடிதாய் வேலை செய்யும் செயற்கை நஞ்சு. ஒரு பாக்கெட்டில் தூறல், அடுத்ததில் அடைமழை. தெளித்தவனுக்கே அளவு தெரியாது. இலையின் படத்தைப் போட்டு நஞ்சை விற்கும் பாவிகள், பேசாத இலைக்கும் பழி தேடித் தருகிறார்கள்.

வேலை முடிந்து போகையில் சீப்பம்மா அந்தக் கடைமுன் நிற்பார். கைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து மேசைமேல் வைப்பார்.

"ரூம் வாசனைதானே? நீயே ஒண்ணு கொளுத்து. உன் கடையே மணக்கட்டும், நானும் மோந்து பாக்குறேன்."

"ஏம்மா டெய்லி ஏழரையக் கூட்டுறீங்க? யாவாரத்தைப் பாக்க விடுங்க."

கடைக்காரர் இன்றுவரை கொளுத்தியதில்லை.

இந்தச் சினத்துக்கு வேர் வீட்டில் இருக்கிறது. அவருடைய தம்பி நகைக்குக் கல் பதிப்பவர். கடுகளவு கல்லும் அவர் கைக்கு அடங்கும். அந்தப் பாக்கெட்டுகளோடு பழகிய பின் வலிப்பு வந்தது, மறதி வந்தது. இப்போது காலையில் நிலைக்கண்ணாடி முன் நின்று, சட்டைப் பொத்தானையும் அதன் துளையையும் மாறி மாறிப் பார்க்கிறார். தமக்கைதான் பூட்டிவிடுகிறார். "சின்ன வயசுல இவனுக்குப் பொத்தான் போட்டேன், சரி. நாப்பது வயசுலயுமா?"

சென்ற மாதம் ஒரு காலை, தலைசுற்றலுக்காக அனுப்பப்பட்ட நான் திரைக்கு இப்புறம், அதன் இடுக்கில் எல்லாம் தெரிய, என் முறைக்குக் காத்திருந்தேன். மழலையர் பள்ளி வேன் ஓட்டும் இளைஞர் ஒருவரை அவர் மாமனார் அழைத்துவந்தார். வீட்டு வாசலில் வலிப்பு கண்டு விழுந்தவர்.

"எல்லா டெஸ்டும் சுத்தம்மா. எங்க மாப்பிள்ளை டீயே ரெண்டு வாய்க்கு மேல குடிக்க மாட்டாரு. தூக்கம் பத்தல, அவ்வளவுதான். திங்கக்கிழமை வேன் எடுத்தாகணும்."

வழக்கமான போதைப்பொருள் சோதனை தான் தேடுவதையே காணும். இந்த நஞ்சு பெரும்பாலும் அதற்கு அகப்படுவதில்லை. எதையேனும் புகைத்தீர்களா என்று மருத்துவர் கேட்டபோது மருமகன் இல்லையென்று தலையாட்டியிருந்தார்.

சீப்பம்மா நாடாவால் தலையை அளந்து, சிவப்புப் பென்சிலால் புள்ளியிட்டு, கம்பி கோத்த வில்லைகளை ஒட்டத் தொடங்கினார். மாமனார் கணினித் திரையை ஐயத்தோடு நோக்கினார். "ஏம்மா, மனசுல இருக்கிறதெல்லாம் இந்த டிவில தெரிஞ்சிடுமா?"

ஓட்டுநர் கண்களை இறுக மூடிக்கொண்டார். 'ஆம்' என்ற ஒரு சொல் போதும்; உண்மை அங்கேயே கொட்டியிருக்கும். சீப்பம்மா அந்தப் பொய்யைத் தொடவில்லை.

"மனசெல்லாம் தெரியாதுங்க. தெரிஞ்சா நான் ஏன் பசை தடவிக்கிட்டு இருக்கேன்? நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க."

சோதனை முடிந்தது. வெந்நீர் வந்தது. சீப்பு பாதித் தலையைக் கடந்தபோது அவர் தணிந்த குரலில் சொன்னார்: "இந்த முடில ஒரு வாடை அடிக்குது, தம்பி. எங்க வீட்டுத் தலகாணில ரெண்டு வருஷம் இருந்த வாடை."

மாமனார் வெளியில்தான் இருக்கிறாரா என்று ஓட்டுநர் வாசலைப் பார்த்தார். பிறகு, "எதிர்க்கடை பாக்கெட்தான்க்கா. மூலிகைன்னான். டென்ஷன் போயிடும்னான்."

"எப்ப இழுப்ப?"

"ட்ரிப்புக்கு நடுவுல."

சீப்பு நின்றது.

"மூலிகையாமே, மூலிகை! நரம்பு நரம்போட பேசுறப்ப, போதும் அடங்குன்னு சொல்ல மூளையே ஒரு சத்து சுரக்குது. அது கதவை மெல்லத் தட்டிட்டுப் போயிடும். கஞ்சாகூட பாதிக் கதவைத்தான் தொறக்கும். இந்தச் சனியன் கதவையே பேத்துப் போட்டுட்டு உள்ள உக்காந்துக்குது. லேப் தட்டுல வளத்த நரம்பணு சிலது இது பட்டு செத்தே போகுதாம். மனுஷ மண்டைக்குள்ள எவ்வளவு சாகுதுன்னு இன்னும் முடிவாகலையாம். முடிவாகுறவரைக்கும் அவன் வித்துக்கிட்டே இருப்பானா? நீயும் புள்ளைங்கள பின்னாடி வெச்சுக்கிட்டு இழுத்துக்கிட்டே இருப்பியா?"

"டாக்டர்கிட்ட சொன்னா வேலை போயிடும்க்கா."

"போகட்டும்! ஸ்டீயரிங்ல விழுந்து கெடந்தா உன் வேலை மட்டுமா போகும்?"

ஓட்டுநரின் கை சட்டைப்பைக்குள் போயிற்று. எந்தக் குழந்தையோ கட்டிவிட்ட ரப்பர் வாத்து தொங்கும் வேன் சாவியை எடுத்து, பசைக் கிண்ணத்தின் அருகில் வைத்தார். "மாமாவைக் கூப்பிடுங்கக்கா. டாக்டர்கிட்ட நானே சொல்லிடுறேன்."

சீப்பம்மாவின் உதடுகள் சினத்தால் இன்னும் துடித்துக்கொண்டிருந்தன. மறுபாதித் தலையில் பசை அப்படியே இருந்தது. சீப்பை மீண்டும் வெந்நீரில் தோய்த்து, விட்ட இழையிலிருந்து தொடங்கினார். ஒரு முடி இழுபடவில்லை. அவர் இல்லம் நலம் சூழ நீடு வாழ்க; அங்கே கண்ணாடி முன் நிற்கும் தம்பியின் விரல்கள் ஒரு காலையில் தம் பொத்தானைத் தாமே கண்டுகொள்க.