கிழித்து எடுத்த கடைசித் தாள்

எழுபதுகளில் நான் மரக்காணம் உப்பளத்தில் கூடை சுமந்தேன். விடியுமுன் இறங்கி, உப்பை மேட்டில் கொட்டி முடித்து, வெயில் ஏறியதும் ஓலைக் கொட்டகையில் கூழ் குடிக்க உட்காருவோம். அந்த நேரத்தில் கதை சொல்வது நான்தான். அஞ்சாவது வரை படித்தவள், வெள்ளிக்கிழமை விரதம் தவறாதவள். அம்மன் கோயில் திருவிழாவில் கதை சொல்ல வருகிறவர் முன்னால் பத்து நாளும் உட்கார்ந்து கேட்டு, கேட்டதை அப்படியே கொட்டகையில் சொல்வேன். பெண்கள் ‘ம்’ கொட்டுவார்கள். நடுக்கம்பத்தில் சாய்ந்து உட்காரும் இடத்தை எனக்கென்றே விட்டுவைப்பார்கள்.

ஒரு கோடையில் அனுமந்தையிலிருந்து புதிதாக ஒருத்தி வேலைக்கு வந்தாள். என்னைவிட எட்டு வயது சின்னவள். அவள் வீட்டுக்காரர் உப்பு லாரியில் மெட்ராஸ் போய் வருவார். வரும்போது பழைய புத்தகக் கடையிலிருந்து இங்கிலீஷ் படக்கதைப் புத்தகம் வாங்கி வருவார். அட்டையில் எலும்புக்கூடு ஜன்னலில் எட்டிப் பார்க்கும், இல்லாவிட்டால் ராக்கெட் பறக்கும். ஒரே புத்தகத்தில் நாலைந்து கதை இருக்கும், பேய்க்கதை ஒன்று, வேற்று லோகத்துக் கதை ஒன்று என்று. அவளுக்குத் தமிழே எழுத்துக்கூட்ட வராது. படத்தைப் பார்த்து அவளாகக் கதை கட்டுவாள்.

முதல் நாள் மூன்று கண் ராஜா கதை. ராக்கெட்டில் போய் இறங்கியவனை ராஜாவின் ஆட்கள் கட்டிப்போட்டு விடுகிறார்கள்.

“அந்த ஊர்ல எல்லாம் இருக்குது, உப்பு மட்டும் இல்ல. இவன் மடியில கொஞ்சம் முடிஞ்சி வச்சிருந்தான். ராஜா நாக்குல வச்சான் பாரு, மூணு கண்ணுலயும் தண்ணியா ஊத்துது” என்றாள்.

சிரிப்பில் கூழ் சிந்தியது. நானும் சிரித்துவிட்டேன். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தினமும் தலையில் சுமக்கிற உப்பைக் கதைக்குள் கொண்டுபோக இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றவில்லையே.

ஒரே வாரத்தில் நடுக்கம்பம் அவளுடையதாகிவிட்டது. நான் வாயைத் திறந்தால், தெரிந்த கதைதானே, அவள் சொல்லட்டும் என்றார்கள். பேய்க்கதை பேசினால் அம்மனுக்குக் கோபம் வரும் என்று சொல்லிப் பார்த்தேன்.

“அம்மனும் எத்தினி நாளைக்குத்தான் தன் கதையையே கேக்கும்? போக்கா” என்றாள் ஒருத்தி.

அனுமந்தைக்காரி புத்தகத்தை ஒரு துணிப்பையில் போட்டுக் கம்பத்திலேயே மாட்டி வைத்திருப்பாள். ஒரு நாளைக்கு ஒரு கதைதான் சொல்வாள். ஒரு நாள் வேலை நடுவில், தண்ணீர் குடிக்கிற சாக்கில் கொட்டகைக்குப் போனேன். மறுநாள் சொல்ல வேண்டிய கதையின் கடைசித் தாளைக் கிழித்து மடியில் செருகிக்கொண்டேன். தாள் இல்லாமல் அவள் எல்லார் முன்னாலும் திணற வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். வீட்டில் அதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். அங்கே வைக்கப் பயந்து அரிசிப் பானைக்கு மாற்றினேன். மாற்றுவதற்கு முன் நன்றாகப் பார்த்தேன். கதவைத் திறந்துகொண்டு நிற்கும் ஒருவன், தலையில் ராக்கெட்காரர்கள் கவிழ்த்துக்கொள்கிற கண்ணாடிக் குடுவை. உள்ளே ஒரு கிழவி, அவள் மடியில் கருப்புப் பூனை.

மறுநாள் அவள் ஆரம்பித்தாள். ஒருவன் பெண்டாட்டியை வீட்டில் விட்டுவிட்டு நட்சத்திரத்துக்குப் போகிறான். ஊர் ஊராகப் போகிற லாரிக்காரன் மாதிரி லோகம் லோகமாகச் சுற்றுகிறான். கடைசியில் வெறிச்சோடிக் கிடக்கும் ஒரு லோகத்தில் ஒரே ஒரு வீடு, அதில் விளக்கு எரிகிறது. கதவைத் தள்ளுகிறான். அவள் பக்கத்தைப் புரட்டினாள். அடுத்து வேறு கதை இருந்தது.

“கடைசித் தாளக் காணோம்” என்றாள்.

யாரோ ஒருத்தி, “நீயே முடிச்சி வையேன்க்கா” என்று என் பக்கம் திரும்பினாள். எல்லார் முகமும் திரும்பியது. எத்தனை நாளைக்குப் பிறகு! அந்தக் கிழவி யார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியிருந்தது. வாயை அடக்க முடியவில்லை.

“உள்ள அவன் பொண்டாட்டிதான். அவன் சுத்தின காலத்துல இவ கெழவியாயிட்டா. மடியில கருப்புப் பூனைய வச்சிக்கினு காத்துக்கினு இருக்குறா” என்றேன்.

கொட்டகையே ‘ம்’ கொட்டியது. பிறகு ஒருத்தி கேட்டாள், “பூனை எங்கருந்து வந்துச்சி?”

பூனை நான் கிழித்த தாளில் மட்டும்தான் இருந்தது. அனுமந்தைக்காரி என்னைப் பார்த்தாள். புத்தகம் வந்த அன்றே எல்லாப் படத்தையும் பார்த்து வைத்திருப்பவள் அவள். தாள் இல்லாவிட்டாலும் அவளுக்கு முடிவு தெரியும். அது எனக்கு உறைத்தது அந்த நொடியில்தான்.

“பூனை படத்துலயே இருக்குது. நேத்தே அக்காவுக்குக் காட்டினேன்” என்றாள். சொல்லிவிட்டுக் கூழ்ச் சட்டியைக் கழுவ எழுந்துபோனாள்.

மறுநாள் காலையில் யாரும் பார்க்காமல் தாளைப் பைக்குள் வைத்துவிட்டேன். சோற்றுப் பருக்கையைத் தடவி அவள் அதை ஒட்டிக்கொண்டாள். கடைசிவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திருடியதற்கு அந்த வெள்ளிக்கிழமையே அம்மனிடம் மன்னிப்புக் கேட்டு எலுமிச்சை விளக்கு ஏற்றினேன். ஆனால் விளக்கின் முன் நின்றபோதும் மனசு எரிந்தது. கதைதான் அவளுக்கு வாய்த்தது, போகட்டும். எல்லார் முன்னாலும் என்னைக் காட்டிக்கொடுக்காத அந்த மனசு, விரதமிருக்கும் எனக்கு அல்லவா வாய்த்திருக்க வேண்டும்? அதையும் அவளுக்கே கொடுத்தாயே தாயே என்று கேட்டேன்.