நடுங்கும் கைக்கு ஒரு டிஸ்க்

கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சிறிய அச்சகம் இருந்தது. கல்யாணக் கார்ட், மரண அறிவித்தல், பள்ளிவாசல் கந்தூரி நோட்டீஸ், பாண்டிருப்புக் கோயில் திருவிழா நோட்டீஸ் என்று ஊரில் அச்சில் வந்தவற்றில் பெரும்பாலானவை அங்கேதான் உருவாகின. அவற்றை எழுத்தாக்கியவள் ஸம்ஸியா. தட்டச்சு இயந்திரத்தில் தொடங்கியவள். தொண்ணூற்று நான்கில் முதலாளி கொழும்பிலிருந்து ஒரு பாவித்த கணனியை வாங்கி வந்தபோது மற்றவர்கள் தொடப் பயந்தார்கள். அவள்தான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஆங்கில விசைகளுக்குள் எந்தத் தமிழ் எழுத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்று தானே தேடித் தேடிப் படித்தாள். கொஞ்ச நாளில், பக்கத்தில் நிற்பவரோடு கதைத்துக்கொண்டே தட்டும் அளவுக்குக் கை பழகிவிட்டது.

அவளுடைய புருசன் ஆதம்லெவ்வை சந்தைக்குள் தையல் கடை வைத்திருந்தார். பிள்ளை இல்லை. அதைப் பற்றி ஊர் கதைத்து ஓய்ந்த பிறகு, இருவரும் ஒருவருக்கொருவர் பிள்ளையாகிப் போனார்கள். மாலையில் அவர் கடையைப் பூட்டிக்கொண்டு அச்சக வாசலில் வந்து நிற்பார். இருவரும் ஒரே சைக்கிளில் வீட்டுக்குப் போவார்கள்.

தொண்ணூற்று ஆறில் அவளுடைய வலக்கை நடுங்கத் தொடங்கியது. முதலில் தேத்தண்ணிக் கோப்பை அடித்தட்டில் பட்டுக் கிலுகிலுத்தது. களைப்பு என்று நினைத்தாள். பிறகு விசைகளில் தெரிந்தது. ஒரு தடவை தட்டினால் எழுத்து மூன்று தடவை விழுந்தது. திரும்பத் திரும்பப் பார்த்துத் திருத்தினாள். ஆனாலும் ஒரு வலீமா விருந்துக் கார்டில் மணமகளின் பெயர் ‘றிஸ்ஸ்மினனா’ என்று அச்சாகி, ஊர் முழுக்கப் போய்விட்டது. முதலாளி ஏசவில்லை. “பரவால்ல புள்ள, மறுகா அடிச்சுக் குடுப்பம்” என்றார். அந்தப் பரிவுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அடுத்த கிழமை வேலையை விட்டுவிட்டாள்.

நரம்பில் வந்த வருத்தம் என்றார் டொக்டர். மாத்திரை நடுக்கத்தைக் குறைக்கும், ஆனால் முற்றாக எடுக்காது என்றார். அதன் பிறகு ஸம்ஸியா விருந்துகளுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டாள். போனாலும் கையை முந்தானைக்குள் வைத்திருப்பாள்.

இரண்டு வருடம் கழித்து அச்சகத்துக்குப் புதுக் கணனி வந்தது. பழையதை முதலாளி ஓட்டோவில் ஏற்றி அவள் வீட்டுக்கு அனுப்பினார். “இஞ்ச சும்மா கிடந்து தூசி புடிக்குது. நீ பாவிச்ச மெசின். உன்ட ஊட்டயே கிடக்கட்டும்” என்று சொல்லிவிட்டிருந்தார். ஸம்ஸியா அதன் மேல் ஒரு படுக்கை விரிப்பைப் போட்டு மூடினாள். ஆதம்லெவ்வை அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

ஒருநாள் பகல் சாப்பாட்டுக்கு அவர் வழமையைவிட முந்தி வந்துவிட்டார். விரிப்பு கீழே கிடந்தது. ஸம்ஸியா கணனியின் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். திரையில் ‘ஆஆததம்ம்லெவவ்வைவை’ என்று இருந்தது. அவள் அதை அழித்துவிட்டு மறுபடி தட்டினாள். மறுபடியும் அப்படியே வந்தது. செருப்புச் சத்தம் கேட்டதும் சட்டென்று கணனியை அணைத்தாள்.

“சோறு போடவா?” என்றாள், திரும்பாமலே.

“போடு புள்ள.”

அவர் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போனார். ஆனால் அன்று முதல் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்கத் தொடங்கினார்.

“கை நடுங்குற ஆளுக்குக் கொம்பியூட்டர்ல ஏதும் வழி இரிக்கா?”

றேடியோ திருத்துகிறவர் சிரித்தார். “கைக்கு டொக்டர்ட்டப் போகணும் காக்கா, மெசின்ட்டப் போய்க் கேக்கிறதா?” கணனி வகுப்பு நடத்தியவர், அது பழைய மெசின், அதற்கு ஒன்றும் ஏலாது, புதிதாக வாங்கினால் பார்க்கலாம் என்றார். ஆதம்லெவ்வை கேட்பதை நிறுத்தவில்லை.

சாறிச் சட்டை தைக்கக் கொடுத்திருந்த கேதீஸ்வரி ஒருநாள் அதை எடுக்க வந்தாள். பாண்டிருப்புக்காரி. யுத்தத்தில் கை கால் இழந்தவர்களுக்கு உதவும் ஒரு நிறுவனத்தின் கல்முனை ஒபிசில் வேலை. அவளிடமும் அவர் கேட்டார்.

“ஓம் நானா, இருக்கு” என்றாள் அவள், அண்ணனிடம் சொல்வதுபோல் வெகு சாதாரணமாக.

ஆதம்லெவ்வை கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். “மெய்யாவா?”

“எங்கட ஒபிசில ஒரு டிஸ்க் கிடக்கு. சின்னச் சின்னப் புறோகிராம்கள். காசில்லாம குடுக்கிறது, யாருக்கும் கொப்பி பண்ணிக் குடுக்கலாமெண்டு அதிலயே எழுதியிருக்கு. பழைய மெசினிலயும் ஓடும். கை ஆடி ஒரே விசையில மூண்டு தரம் பட்டாலும் ஒருதரம்தான் எழுத்து விழும். ஆருக்கு நானா?”

அவர் சொன்னார். கேதீஸ்வரி ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். சட்டையைக் கொடுக்க அவரும் மறந்துபோனார், வாங்கிப் போக அவளும் மறந்துபோனாள்.

ஞாயிறு அவள் வந்தபோது ஸம்ஸியாவின் முகம் கறுத்துவிட்டது. தன் கையைப் பற்றிக் கடையில் வைத்துக் கதைத்திருக்கிறார் என்ற கோபம். “இரிங்க, தேத்தண்ணி ஊத்திட்டு வாறன்” என்று சொல்லிக் குசினிக்குள் போனவள் வரவேயில்லை.

கேதீஸ்வரி டிஸ்கைப் போட்டு வேலையைத் தொடங்கினாள். முதலில் மவுஸின் அம்புக்குறி பெரிதாகி, மெதுவாக நகரப் பழகியது. பிறகு, கணனியைப் போட்டவுடன் நாலே நாலு பெரிய பெட்டிகள் மட்டும் திரையில் வரும்படி செய்தாள். சின்னப் படங்களைத் தேடிக் குறிபார்க்கத் தேவையில்லை. கடைசியாக விசைகள். ஒரு விசை பட்டதும் கணனி கொஞ்ச நேரம் காத்திருந்து, அதற்குள் படுவதையெல்லாம் தள்ளிவிட வேண்டும். ஆனால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

“அக்கா இருந்து பார்த்தாத்தான் தெரியும்” என்றாள் கேதீஸ்வரி.

ஆதம்லெவ்வை குசினிப் பக்கம் பார்த்தார். பிறகு தானே கதிரையில் உட்கார்ந்தார். வலக்கையை விசைப்பலகைக்கு மேலே நீட்டி, வேண்டுமென்றே நடுங்க வைத்தார். ஒரு விசையில் விரலை வைத்தார். “இப்ப பாருங்க” என்றார். அது சரியில்லை என்று தானே தலையாட்டிவிட்டு மறுபடி கையை ஆட்டினார்.

தேத்தண்ணியோடு கதவடியில் வந்து நின்ற ஸம்ஸியா அதைப் பார்த்தாள். தன் கை. தன் கை ஆடுவது போலவே அவர் ஆட்டிக்கொண்டிருந்தார்.

“என்னய வெச்சு விளையாடுறீங்களா?” என்றாள். தட்டில் கோப்பைகள் கிலுகிலுத்தன.

ஆதம்லெவ்வை பதறி எழும்பினார். “இல்ல புள்ள. நீ வரமாட்டாயெண்டு நெனச்சு... உன்ட கை மாதிரி ஆட்டிப் பாத்தன். எத்தன நாளாக் கவனமாப் பாத்திரிக்கன், ஆனா எனக்கு அது சரியா வருகுதில்ல.”

அவர் முகத்தில் இருந்தது கேலியல்ல. ஒரு அளவு தப்பிப்போன தையல்காரனின் கவலை. ஸம்ஸியா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். தினமும் தன் கையை அவர் பார்க்காத மாதிரி இருந்தாரே, அத்தனை நாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கேதீஸ்வரி மெல்ல எழும்பித் தட்டை வாங்கிக்கொண்டாள்.

“எழும்புங்க” என்றாள் ஸம்ஸியா. “நீங்க ஆட்டுறது முழுப் பிழை. எனக்கு மேலயும் கீழயுமா ஆடாது. பக்கவாட்டுல ஆடும்.”

அவள் உட்கார்ந்தாள். முதலில் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டி வைத்துவிட்டார்கள். அடுத்த எழுத்து விழுவதற்குள் பொறுமை போய்விடும் போலிருந்தது. “இதுக்கு ஒண்டும் செய்யாமலே இருக்கலாம்” என்றாள். கேதீஸ்வரி குறைத்தாள். மறுபடி எழுத்துகள் இரட்டித்தன. கூட்டினாள், குறைத்தாள். தேத்தண்ணி ஆறிப்போனது. பள்ளிவாசலில் பின்னேர அஸர் பாங்கு சொல்லி ஓய்ந்த நேரத்தில் ஸம்ஸியா தட்டிய பெயர் ஒவ்வோர் எழுத்தாகத் திரையில் விழுந்தது. ‘ஆதம்லெவ்வை.’ ஓர் எழுத்துக்கூட மிஞ்சவில்லை.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார் அவர். அவள் அதன் கீழே இன்னொரு தடவை தட்டினாள், மறுபடியும் ஒரு தடவை.

பழைய வேகம் திரும்பவில்லை. அது திரும்பாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவசரமில்லாத வேலைகளை முதலாளி வீட்டுக்கு அனுப்பத் தொடங்கினார். பாடசாலைப் பரீட்சைத் தாள்கள், விழா மலர்கள், தள்ளிப் போட்ட கல்யாணங்களின் கார்ட்கள். காலையில் மாத்திரை போட்டபின் கை கொஞ்சம் அடங்கியிருக்கும் நேரத்தில் தட்டுவாள்.

ஒருநாள் கேதீஸ்வரி நற்பிட்டிமுனை அழகரெத்தினத்தை அழைத்து வந்தாள். நெல் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். ஷெல் விழுந்ததில் இடக்கை முழங்கையோடு போய்விட்டது. அவருக்கு நடுக்கமில்லை, சிக்கல் வேறு. ஷிப்ட் விசையை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் தட்டினால்தான் பல தமிழ் எழுத்துகள் வரும். அதற்கு அவரிடம் இன்னொரு கை இல்லை.

“இதுக்கும் அந்த டிஸ்க்குல இரிக்கி” என்றாள் ஸம்ஸியா. “ஷிப்ட்ட ஒருக்கா தட்டி உட்டுடுங்க. அது உங்களுக்காகப் புடிச்சுக்கொண்டிருக்கும். மறுகா எழுத்தத் தட்டுங்க.”

அவர் தட்டினார். எழுத்து விழுந்தது. இன்னொரு தடவை தட்டிப் பார்த்தார். “என்ர மகள்ட பேர் அடிக்கட்டா?” என்று கேட்டார். கேட்டுவிட்டு வெட்கப்பட்டார்.

“அடிங்க. நாங்க என்ன ஓடியா போறம்.”

அவர் போகும்போது அவள் ஒரு டிஸ்கில் எல்லாவற்றையும் பிரதியெடுத்துக் கொடுத்தாள். டிஸ்கை வாங்கும்போது அவர் அவளுடைய கையைப் பார்த்தார். அவளும் அவருடைய வெறும் சட்டைக் கையைப் பார்த்தாள். இருவரும் சிரித்துக்கொண்டார்கள். அதன் பிறகு அவளுடைய வலக்கை முந்தானைக்கு வெளியேதான் இருந்தது.

தொண்ணூற்று ஒன்பதில் நடுக்கம் இடக்கைக்கும் இறங்கியது. ஸம்ஸியா அதை யாருக்கும் சொல்லவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, ஆதம்லெவ்வை ஜும்ஆத் தொழுகைக்குப் போன நேரத்தில், விசைகள் காத்திருக்கும் நேரத்தைத் தானே கொஞ்சம் கூட்டி வைத்தாள். பள்ளிவாசலிலிருந்து திரும்பி வந்தவர், எழுத்துகள் முன்னைவிட மெதுவாக விழுவதைக் கவனித்தார். தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கடைக்குப் போகாமல் இன்னொரு கதிரையைக் கொண்டுவந்து அவளுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அவள் அடிக்க வேண்டிய பரீட்சைத் தாளை எடுத்து, அடுத்த வரியை உரக்க வாசிக்கத் தொடங்கினார்.