சரஸ்வதி ரத்து செய்த பதிவு

வங்கியில் கடன் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சாங்ஷன் ஆன ஒரு மிஷின் லோன் பணம் கொடுக்கிற அன்று காலையில் நின்றுபோனது. வழக்கம்போலக் கடைசியாக ஒரு முறை, சிறு தொழில்களுக்கு அரசு தரும் உத்யம் பதிவைச் சரிபார்த்தேன். ‘ரத்து’ என்று வந்தது. லோன் கேட்டவரே ரத்து செய்திருந்தார்.

அவர் சரஸ்வதி. மதுக்கரைப் பக்கம் சின்ன லேத் பட்டறை. ஒரு பம்புசெட் கம்பெனிக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பார். உடனே வரச் சொன்னேன்.

“ஏனுங்க சார், கம்பெனி மொதலாளிதான் போன் பண்ணுனாருங்க. ‘அம்மணி, பதிவு வெச்சிருக்கறவங்ககிட்ட வாங்க வேண்டாம்னு ஆடிட்டர் சொல்லிப்போட்டாரு. நீ அத ரத்து பண்ணிப்போடு, ஆர்டர் எப்பவும்போல உனக்குத்தான்’னாருங்க. பண்ணிப்போட்டேனுங்க.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேங்க.”

“எம் பொண்ணு சீருக்கு மொத ஆளா வந்து நின்னவருங்க. அவரு வாய் விட்டுக் கேக்கறப்ப எப்புடிங்க மாட்டேங்கறது?”

எங்கள் பக்கத்து வியாதி இது. மரியாதைக்காகக் கழுத்தையும் நீட்டுவோம்.

அந்தப் பதிவு இருந்தால்தான் அடமானம் இல்லாமல் அரசு உத்தரவாதத்தில் கடன் கிடைக்கும். அதோடு, பதிவுள்ள சிறு பட்டறையில் சரக்கு வாங்கினால் நாற்பத்தைந்து நாளுக்குள் பணம் தர வேண்டும், தராத வரைக்கும் அதைச் செலவாகக் காட்ட முடியாது, வரி கூடும் என்று சட்டம் வந்துவிட்டது. சிறு தொழிலைக் காப்பாற்ற வந்த நல்ல சட்டம்தான். வேண்டாம் என்று பட்டறைக்காரரையே சொல்லவைக்க ஒரு போன் போதும் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை.

“மறுபடியும் பதிஞ்சிருங்க. லோன் நிக்காம நான் பாத்துக்கறேன்” என்றேன்.

“பதிஞ்சா ஆர்டர் போயிருமுங்க. ஆர்டர் இல்லாம மிஷின வெச்சுட்டு என்னங்க பண்றது?”

மிஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. வேறு வழியில்லாமல் குடியிருந்த வீட்டின் பத்திரத்தைக் கொண்டுவந்தார். இருந்தது அந்த ஒரு வீடுதான். அதை அடமானம் வைத்துச் சாதாரண லோன் கொடுத்தோம்.

ஆர்டர் வந்தது. முதலாளி சொன்ன சொல் தவறவில்லை. பணம்தான் வரவில்லை. முன்பு இரண்டு மாதத்தில் வந்தது, இப்போது ஐந்து மாதமானாலும் “வருது அம்மணி, வருது” என்பதே பதில். பதிவு இல்லாதவருக்குக் கேட்க நாதி ஏது? மூன்று தவணை தவறியதும் கணக்கு வாராக்கடன் ஆகிவிட்டது.

அடமான வீட்டைக் கோர்ட்டுக்குப் போகாமலே எடுத்துக்கொள்ள வங்கிக்கு ஒரு சட்டம் இருக்கிறது. அந்த நோட்டீசை நானே கொண்டுபோனேன்.

“வெயில்ல வந்திருக்கீங்க. மொதல்ல இதக் குடிங்க” என்று மோர் கொடுத்தார். குடித்தேன். என்னாலும் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு, “எத்தன நாளுங்க?” என்றார்.

“அறுபது நாளுங்க. அதுக்குள்ள முழுசும் கட்டோணும். இல்லீன்னா ஊட்ட பேங்க் எடுத்துக்கும்.”

கோபம் இல்லை, தெரியாததைக் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

“உங்க சட்டத்த மட்டும் யாரும் போன் பண்ணி ரத்து பண்ணச் சொல்ல மாட்டாங்களாங்க சார்?”

நோட்டீஸ் நகலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு எழுந்தேன். வெட்கமாக இருந்தது.

வீடு ஏலத்தில் போனது. புது மிஷினும் போனது.

கடன் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பேப்பர் சரியா என்று பார்ப்பதோடு விடாதீர்கள். இவரால் யாருடைய பேச்சைத் தட்ட முடியாது என்று கேளுங்கள். கடன் அங்கேதான் முழுகும்.

சரஸ்வதி இப்போது கிணத்துக்கடவில் வாடகை வீட்டில் இருக்கிறார். பழைய லேத் மட்டும் ஓடுகிறது. ஷாஃப்ட் அதே கம்பெனிக்குத்தான் போகிறது.