கழுதையின் வாய்க்கும் என் கைக்கும் நடுவே

சேவுகம்பட்டியில் கோமாரித் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லாவின் கணவர் அழைத்தார். "சார், ஸ்டெல்லா போயிட்டா. காலையில நெஞ்சு வலிக்குதுன்னா. ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்கல." நான் செய்தியைச் சொன்னதும், வரிசையில் நின்றிருந்த மாட்டுக்காரர் ஒருவர் கயிற்றை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஸ்டெல்லா கால்நடை ஆய்வாளர், நான் மருத்துவர். பதினோரு ஆண்டுகள் திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் சேர்ந்து வேலை பார்த்தோம். ஆடு கத்தினால் தெருவே கூடிவிடும். கழுதையை யாரும் கவனிப்பதில்லை. அவர் கவனிப்பார்; தொடுவதற்கு முன் ஒருமுறை சுற்றி வந்து பார்ப்பார். "கழுதை வலிச்சாலும் சும்மாதான் நிக்கும் சார். சும்மா நிக்குதேன்னு சும்மா விட்டுரக் கூடாது" என்பார். குளம்புக்குள் சீழ் வைத்த கழுதை ஒன்று அமைதியாகப் புல் தின்றுகொண்டிருக்க, அது ஒரு காலில் பாரம் போடாததை அவர்தான் முதலில் கண்டார்.

அவரை அறிந்தவர்களிலும் பலருக்குத் தெரியாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும்.

சிறுமலை அடிவாரத்தில் பாண்டி என்பவர் வாழைத்தார் சுமக்கக் கழுதை வைத்திருந்தார். ஒருநாள் பதறிப்போய் அழைத்தார். நாங்கள் போனபோது கழுதை தொண்டை கம்மிக் கத்திக்கொண்டே இருந்தது. வாயில் எச்சில் ஒழுகியது.

"தொண்டையில என்னமோ சிக்கிருச்சு சார். காலையில நானே கைய விட்டுப் பாத்தேன், அம்புடல."

நான் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு அதன் தாடையைப் பிடிக்கப் போனேன். ஸ்டெல்லா என் முழங்கையைப் பிடித்து வெடுக்கென்று பின்னால் இழுத்தார். நான் தடுமாறி விழப் பார்த்தேன். ஊரார் சிரித்தார்கள்.

"என்ன செய்றீங்க?" என்று கத்தினேன்.

"முன்னங்காலப் பாருங்க சார். தன்னையே கடிக்குது."

ஆறிப்போன பழைய தழும்பு ஒன்றைக் கழுதை மறுபடி மறுபடி கடித்து, ரத்தம் வழியவிட்டிருந்தது.

"நாய் எதுவும் கடிச்சுச்சாண்ணே?"

பாண்டியின் மனைவி செல்விதான் பதில் சொன்னார். "போன மாசம் ஒரு நாய் புடுங்குச்சு. ஆறிருச்சுன்னு விட்டுட்டோம்."

பாண்டி நம்பவில்லை. "கழுதைக்கு வெறியாவது! தண்ணி குடிச்சாச் சரியாயிரும்" என்று வாளியோடு கிட்டே போனார். ஸ்டெல்லா குறுக்கே நிற்பதற்குள் கழுதை பாய்ந்து வாளியைக் கவ்வியது. பிளாஸ்டிக் நொறுங்கிய சத்தத்துக்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அப்போதுதான் பாண்டியின் விரலில் அரிவாள் கீறிய புதுக் காயத்தை ஸ்டெல்லா பார்த்தார். கையுறை மாட்டிக்கொண்டு, அந்தக் கையைக் குழாயடியில் பிடித்து, சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவினார். பாண்டி கையை உருவப் பார்த்தார். "லோடு நிக்குது, நாளைக்கு வாரேன்."

"நாளைக்குன்னு ஒண்ணு இதுக்குக் கெடையாதுண்ணே. வண்டியில ஏறுங்க."

தன் ஸ்கூட்டரிலேயே திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அடுத்தடுத்த ஊசிக்கும் விடாமல் போன் செய்து வரவழைத்தார். தனியே அடைத்த கழுதை மூன்றாம் நாள் செத்தது. பரிசோதனையில் வெறிநோய் உறுதியானது. பாண்டி நன்றாக இருக்கிறார். கல்லறைத் தோட்டத்தில் ஸ்டெல்லாவுக்கு முதல் பிடி மண்ணைப் போட்டவர்களில் அவரும் ஒருவர்.

ஊர் முன்னால் ஸ்டெல்லா என்னை இழுத்துவிட்டார் என்ற கோபத்தில் அன்று அதற்கு மேல் நான் அவரோடு பேசவில்லை. பிறகும் நன்றி சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் ஒரு பசு வாயைத் திறந்தபடி, எச்சில் ஒழுக நின்றது. "சீக்கிரம் பாருங்க சார்" என்று வீட்டுக்காரர் அவசரப்படுத்தினார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பசுவை ஒருமுறை மெல்லச் சுற்றி வந்தேன். ஸ்டெல்லாவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு சுற்று.