நஸீரா மிஸ் கேட்ட கிளினிக் கொப்பி

மத்தியானம் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்க வரிசையில் நின்றபோது என் மகள் சுகந்தி போன் பண்ணினாள். "அம்மா, நஸீரா மிஸ் போயிட்டாங்களாம்" என்றாள். அவளுக்குக் கல்லூரியில் படிப்பித்த மிஸ்.

ஆனாலும் நான் மலையை விட்டு இறங்கவில்லை. இடையில் போனால் அரை பேர்தான், பாதி நாள் வேலை என்றுதான் பதிவார்கள். எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், சாவு விழுந்தால் உறவுக்காரர் வந்து சேர இரண்டு நாளாவது வைத்திருப்போம். அந்த நினைப்பில், காலையில் போய்ப் பார்ப்போம் என்று சாயங்காலம் வரைக்கும் கொழுந்து பறித்தேன். மறுநாள் முதல் பஸ்ஸில் மாலையோடு ஹட்டனில் இறங்கினேன். மிஸ் வீட்டு வாசல் கழுவிவிட்டு வெறுமையாகக் கிடந்தது.

"அக்கா, நேத்து அஸருக்கே அடக்கிட்டோமே" என்றார் மிஸ்ஸின் தங்கை.

அஸர் என்றால் பின்னேரத் தொழுகை. இறந்த அன்றைக்கே அடக்கிவிடுவது அவர்கள் வழக்கம். இத்தனை வருஷம் அவர்கள் கடைகளில் சாமான் வாங்கியும் அது எனக்குத் தெரியாமல் போயிற்று. மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். கடைசியாக ஒரு தடவை முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

கல்லூரிப் பிள்ளைகள் மிஸ்ஸுக்காக ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்கள். சுகந்தியை எழுதச் சொன்னார்கள். அவள், "நீ எழுதும்மா. ஒனக்குத்தான் சொல்ல வேண்டியது இருக்கு" என்று என் பக்கம் தள்ளிவிட்டாள். நான் ஐந்தாம் ஆண்டு வரைக்கும் படித்தவள். மிஸ்ஸிடம் படித்த உங்களுக்கு, அவரோடு வேலை செய்த உங்களுக்கு, தெரிந்ததைச் சொல்கிறேன்.

சுகந்தி கல்லூரியில் சேர்ந்த வருஷம், ஒரு மழை நாளில் மிஸ் எங்கள் லயத்துக்கு வந்தார். படி ஏறி வந்து மூச்சு வாங்கக் கட்டிலில் உட்கார்ந்தார். "எங்க வாப்பாட கடையில இருந்து பார்க்க இந்த மலை என்னா அழகு. ஏறினாத்தானே தெரியுது" என்று சிரித்தார். பிறகு சுகந்தியைப் பார்த்து, "நான் அம்மாகிட்ட சொல்லட்டா?" என்று கேட்டார். அவள் தலையாட்டின பிறகுதான் பேச்சை எடுத்தார்.

சுகந்திக்குச் சின்ன வயதிலிருந்தே பார்வை சுருங்கிக்கொண்டு வருகிறது. பெரியாஸ்பத்திரிக் கண் கிளினிக்கில் காட்டுகிறோம். அவள் நூலகத்தில் புத்தகத்தை மூக்கோடு ஒட்டி வைத்துப் படித்ததை மிஸ் பார்த்திருக்கிறார். கேள்வித்தாளைப் பெரிய எழுத்தில் கேட்கலாம், எழுத நேரம் கூட்டிக் கேட்கலாம், அதற்கு ஒரு படிவம் இருக்கிறது, டாக்டர் எழுதிவைக்கிற கிளினிக் கொப்பியைக் காட்டினால் போதும் என்றார்.

"கொப்பி தொலஞ்சு போச்சு மிஸ்" என்றேன். சுகந்தி தரையைப் பார்த்தாள். கொப்பி ட்ரங்குப் பெட்டியில், என் சேலைகளுக்கு அடியில் இருந்தது.

மிஸ்ஸுக்கு விளங்கிவிட்டது. "தொலஞ்சா புதுசு எடுக்கலாம். ஒளிச்சு வச்சா எடுக்க ஏலாது" என்றார்.

அப்போதுதான் நான் என் அண்ணன் கதையைச் சொன்னேன். அவருக்கும் இதே கண்தான். கவ்வாத்து வெட்டப் போனால் தேயிலைச் செடியை அவரைப்போல யாராலும் நறுக்க முடியாது. கத்தி தவறிக் கையில் பட்ட ஒரு நாள் டாக்டரிடம் போனார். பார்வை குறைவு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அடுத்த நாள் வேலைக்கு ஆள் பிரிக்கிற காலைப் பெரட்டில் எல்லார் பேரையும் கூப்பிட்டார்கள், அண்ணன் பேரைக் கூப்பிடவில்லை. வேலையிலிருந்து பேரை வெட்டிவிட்டார்கள். லயத்து வாசலில் உட்கார்ந்தே அவர் போய்ச் சேர்ந்தார்.

"எழுதினா வெட்டுவாங்க மிஸ். எங்களுக்கு எழுத்துன்னா அதுதான். எம் மகளுக்கும் அரை பேர் போடச் சொல்றீங்களா?" என்று சத்தம் போட்டுவிட்டேன்.

மிஸ் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "உங்க அண்ணனுக்குச் செஞ்சது அநியாயம்" என்றார். "ஆனா இது அரை பேர் இல்ல. அவளும் முழுப் பேருக்கு எழுதணும்னுதான் கேட்கிறேன்." நான் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு மிஸ் காகிதம் இல்லாமலே செய்தார். வகுப்புப் பரீட்சைத் தாள்களைத் தங்கள் கடை போட்டோகொப்பி மெஷினில் பெரிதாக்கிக் கொண்டுவந்தார். சுகந்தியை ஜன்னல் பக்கம் உட்கார வைத்தார். அவள் முடிக்கும் வரைக்கும் தானும் உட்கார்ந்திருந்தார். "எழுத்துல இல்லாத உதவி என் கைக்கு எட்டற வரைக்கும்தான்" என்று சுகந்தியிடம் சொல்லியும் வைத்தார். நான் மலையில் மற்றப் பெண்களிடம், "பாத்தீங்களா, காயிதம் இல்லாமலே நடக்குது" என்று பெருமை பேசிக்கொண்டு திரிந்தேன்.

வருஷக் கடைசிப் பரீட்சைக்கு வெளியாட்கள் மேற்பார்வைக்கு வந்தார்கள். பெரிய எழுத்துத் தாளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, எந்தக் கடிதத்தின்படி என்று கேட்டார்கள். மிஸ்ஸிடம் காட்டக் கடிதம் இல்லை. வாதாடியவரை வெளியே நிற்கச் சொன்னார்கள். நேரம் முடிந்ததும் சுகந்தியின் கையிலிருந்து தாளைப் பிடுங்கினார்கள். இரண்டு கேள்விகளை அவள் வாசிக்கவே இல்லை. அந்தப் பாடம் போய்விட்டது. ஒரு வாரம் அவள் என் முகம் பார்த்துப் பேசவில்லை.

மிஸ் போன் பண்ணினார். "சுகந்தி அம்மா, நான் உங்களைத் திட்டமாட்டேன். திட்டினா கொப்பி வரும்னா திட்டுவேன்" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. கொண்டுவருகிறேன் என்று சொன்னேன். அடுத்த மாதமே மிஸ்ஸை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சுகமாகி வரட்டும், அவர் கையிலேயே கொடுப்போம் என்று இருந்துவிட்டேன்.

நான் மாலையோடு நின்ற அன்றைக்குத் தங்கை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு கவரைக் கொடுத்தார். உள்ளே அந்தப் படிவம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து நிரப்பியிருக்கிறார். சுகந்தி பேர், பாடம், என்ன வேண்டும், ஏன் வேண்டும், எல்லாம். கீழே சிபாரிசும் கையெழுத்தும். கிளினிக் இலக்கம் எழுதும் இடத்தில் மட்டும் பென்சிலால், "அம்மா தருவார்" என்று இருந்தது.

"பரீட்சை மண்டபத்துல வாதாடினதுக்கு அவங்ககிட்ட விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திச்சு அக்கா. உங்களுக்குச் சொல்ல வேணாம்னு சொன்னாங்க" என்றார் தங்கை. என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

அடுத்த நாள் கொப்பியை எடுத்துக்கொண்டு கல்லூரி அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சிபாரிசு செஞ்சவங்க இப்ப இல்லையே. பொறுப்புக்கு வர்றவங்க கையெழுத்து வேணும்" என்றார்.

"எப்ப வருவாங்க?"

"எனக்கும் தெரியாதும்மா."

இதை எழுதும் வரைக்கும் யாரும் வரவில்லை. போன பாடத்தைத் திரும்ப எழுத இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. சுகந்தி பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு வாசிக்கிறாள். கண்ணில் நீர் வடிகிறது, துடைத்துவிட்டு வாசிக்கிறாள். இந்தத் தடவையும் சின்ன எழுத்துத் தாள்தான் வரும் என்று நினைக்கிறேன். அதற்கு நான்தான் காரணம். இதில் மிஸ்ஸையோ வேறு யாரையுமோ சேர்த்துச் சொல்ல எனக்கு வாயில்லை.

மிஸ் எதையும் சுகந்தியைக் கேட்ட பிறகுதான் என்னிடம் சொல்வார். பெற்றவள் நான், ஒரு நாளும் அவளைக் கேட்டதில்லை. மிஸ்ஸிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான். இதை எழுத உட்காருமுன், "ஒன் கண்ணப் பத்தி எழுதட்டா? அச்சுல வரும், எல்லாரும் பாப்பாங்க" என்று கேட்டேன்.

பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தாள். "எழுதும்மா. ஆனா பெரிய எழுத்துல அடிக்கச் சொல்லு. நானும் வாசிக்கணும்."

என் மகள் சுகந்திக்குக் கண்பார்வை குறைவு. அவளுக்குக் கேள்வித்தாள் பெரிய எழுத்தில் வேண்டும். எழுதி முடிக்க நேரம் கூட வேண்டும். எழுதிவிட்டேன் மிஸ்.