வேப்பிலைத் தண்ணீரில் வேர் விடாத விதைநெல்: பழுகாமம் போய்வந்தேன்

என் மூத்த பேரன் கனடாவில் எஞ்சினியர். அடுத்தவள் லண்டனில் நர்ஸ், இந்த வருடம் சொந்த வீடும் வாங்கிவிட்டாள். கடைசிப் பேத்தி தர்சினி ஜப்பானில் பயிர்களைப் பற்றிப் பெரிய படிப்புப் படிக்கிறாள். ஒரு செடியின் இலைச்சாறு இன்னொரு பயிரின் வேரை எப்படி வளரவிடாமல் தடுக்கிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இந்த இணையப் பக்கத்தைத் திறந்து தந்ததும் அவள்தான். களுவாஞ்சிக்குடி வீட்டில் நான் மட்டும் இருக்கிறேன்.

சித்திரை வருடப்பிறப்பு கழிந்த கையோடு பழுகாமத்திலிருந்து மச்சாள், என் கணவரின் தங்கை, போன் எடுத்தாள். எங்கள் ஒரு ஏக்கர் வயலை அவள்தான் செய்கிறாள். "மச்சாள், நெல்லு முளைக்குது, வேர் வருகுதில்லகா. ஒருக்கா வந்து பாருங்க." அந்த வாரம் வட்டை என்கிற வயல்வெளி முழுவதும் சேர்ந்து விதைக்க வேண்டும். வாய்க்கால் தண்ணீர் யாருக்காகவும் காத்திருக்காது. நாங்கள் பிந்தினால் எங்கள் வயல் மட்டும் இந்தப் போகம் வெறும் சேறுதான்.

காலை ஆறரைக்கு ஆட்டோவில் புறப்பட்டேன். ஏறக்குறைய ஏழு கிலோமீற்றர், இருபது நிமிடம், ஆயிரம் ரூபாய். பஸ்ஸும் உண்டு, ஆனால் அடிக்கடி இல்லை.

"தனியாவா போறீங்க அம்மா? வீட்டில ஆரும் இல்லையா?" என்றார் டிரைவர்.

"இருக்காங்க மனே. ஆளுக்கொரு நாட்டில."

"அப்ப இந்த நாட்டுக்கு நீங்கதான் பொறுப்பு!"

சிரித்தேன். பட்டிருப்புப் பாலத்தில் நிறுத்தச் சொல்லி வாவியைப் படம் எடுத்தேன். கனடாவிலும் லண்டனிலும் இரவு. ஜப்பானில் வேலை நேரம். யாருக்கும் அனுப்பவில்லை.

மச்சாள் சாக்கை விரித்துக் காட்டினாள். முளை ஊசிபோல் வந்திருந்தது. வேரோ கொசுக்கால் அளவில், நுனி பழுப்பேறி நின்றது. மூக்கருகே பிடித்தால் கசப்பு மணம். பூச்சி வராமல் விதைநெல்லோடு காய்ந்த வேப்பிலை போட்டு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஊறப்போடுமுன் புடைத்து எடுத்துவிடுவோம். வருடப்பிறப்பு அவசரத்தில் மச்சாள் இலையோடு பீப்பாய்க்குள் கொட்டிவிட்டாள். தண்ணீர் பால் விடாத பிளேன்டீ நிறத்தில் கிடந்தது.

"கோயில்ல அம்மாளுக்குச் சாத்துற இலைகா, அது கெடுதி செய்யுமா?" என்றாள்.

தர்சினிக்குப் படம் அனுப்பினேன். வருடப்பிறப்புக்கே ஒரு பூப்படம்தான் அனுப்பியிருந்தாள், பதிலை எதிர்பார்க்கவில்லை. ஐந்து நிமிடத்தில் அவளே போன் எடுத்தாள்.

"அம்மம்மா, இன்னும் கிட்ட எடுங்க! பக்கத்தில ஒரு காசு வைங்க, அளவு தெரியணும். இதத்தான் நான் இங்க கண்ணாடித் தட்டில செய்றன்!" என்று சிரித்தாள்.

"சிரிக்காத புள்ள, எங்கட வயல் போகப்போகுது" என்று மச்சாள் கத்தினாள்.

"சாகல்ல சின்ன அம்மம்மா, வேர் பயந்து நிக்குது. கிணத்துத் தண்ணியில நல்லாக் கழுவி வேற சாக்கில கட்டுங்க. எல்லாம் தப்பும் எண்டு சொல்லேலாது. நாளைக்கும் படம் அனுப்புங்க."

"சாப்பிட்டியா புள்ள?" என்று கேட்டேன். அதற்குள் அவள் போனை வைத்துவிட்டாள்.

தண்ணீர் தெளியும்வரை இருவரும் கழுவினோம். நான் அங்கேயே தங்கினேன். தினமும் காலையில் படம் அனுப்பினேன், தினமும் அவள் போன் எடுத்தாள். இரண்டாம் நாள் வெள்ளை நுனிகள் எட்டிப் பார்த்தன. மூன்றாம் நாள் வேர்கள் சுருண்டு ஒன்றையொன்று பிடித்திருந்தன. அழுகியதைக் கழித்து, வட்டையோடு சேர்ந்து விதைத்தோம். விதை போதாமல் மேல் மூலை மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது. அந்தப் படத்தையும் அனுப்பினேன். "சூப்பர் அம்மம்மா" என்று எழுதியிருந்தாள். அடுத்த நாள் அழைப்பு இல்லை.

போகிறவர்களுக்கு: வெயிலுக்கு முன் போங்கள். திரும்பிவர அதே ஆட்டோவைப் பேசி வையுங்கள். வரம்பில் செருப்பைக் கழற்றிவிட்டு நடங்கள். வேப்பிலை போட்ட விதையைப் புடைத்த பிறகே ஊறவையுங்கள். தவறிவிட்டால் கொட்டிவிடாமல் முதலில் கழுவிப் பாருங்கள்.

தர்சினி, வேர் வந்துவிட்டது, இனி நீ போன் எடுக்கக் காரணம் இல்லை. நீ கேட்டபோதெல்லாம் குனிந்து, கிட்டப் போய், நெல்லைப் படம் எடுத்து அனுப்பினேன். உன்னுடைய புதுப் படம் ஒன்றை இதற்குக் கீழே போடு பிள்ளை. கிட்ட இருந்து எடுத்ததாக.